பள்ளிப் பிள்ளைகளின் காதும் பழைய கிளினிக்குகளும்: கேள்வி பதில்

கே: ஐயா, இங்கிலாந்தில் பள்ளிகளில் மருத்துவப் பரிசோதனை எப்போது வந்தது?

ப: 1907-ல் சட்டம், 1908-ல் நடைமுறை. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்கு ஆள் எடுத்தபோது பல இளைஞர்கள் உடல் தகுதி இல்லாமல் திரும்பியதுதான் அரசை உலுக்கியது.

கே: பரிசோதித்ததும் வைத்தியமும் பார்த்தார்களா?

ப: அங்கேதான் கோளாறு. பரிசோதனை கட்டாயம், வைத்தியம் உள்ளூர் நிர்வாகத்தின் விருப்பம். 'காதில் சீழ்' என்று சீட்டு எழுதிக் கொடுத்தால், டாக்டருக்குக் கொடுக்கக் காசில்லாத தாய் என்ன செய்வாள்? அதனால்தான் ஏழைப் பிள்ளைகளுக்காக உழைத்த மார்கரெட் மெக்மில்லன் 1908-ல் லண்டனின் போ பகுதியில் கிளினிக் திறந்தார். பணம் சோப்பு வியாபாரி ஜோசப் ஃபெல்ஸ் கொடுத்தது. 1910-ல் லண்டனின் டெப்ட்ஃபோர்டு பகுதியில் தொடர்ந்தார்.

அந்தக் காலக் கிளினிக்குகளில் காதுக்குச் செய்தது எளிமையான வேலை. நர்ஸ் சீழைக் கழுவி, பஞ்சால் ஒற்றிக் காயவைத்து, போரிக் பவுடர் ஊதுவார். ஒரே நாளில் தீராது, பிள்ளை திரும்பத் திரும்ப வரவேண்டும். தட்டம்மைக்குப் பிறகு வரும் சீழைக் கவனிக்காமல் விட்டால் காதுக்குப் பின்னால் உள்ள எலும்புக்குள் இறங்கும், சில சமயம் மூளை வரை போகும். அப்படி உயிர் போன பிள்ளைகள் உண்டு.

கே: என் பையனுக்கும் காதில் சீழ். நல்லெண்ணெய் காய்ச்சி விடலாமா?

ப: விடாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நேரே உள்ளே போகும். காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள்.

கே: காது கேட்கிறதா என்று எப்படிச் சோதித்தார்கள்?

ப: தள்ளி நின்று கிசுகிசுப்பார்கள், பிள்ளை திருப்பிச் சொல்லவேண்டும்.

கே: பென்சிலின்தான் காது நோயைக் குறைத்தது. கிளினிக்குக்கு ஏன் இவ்வளவு பெருமை?

ப: பென்சிலினின் பங்கை மறுக்கவில்லை. ஆனால் அது சாதாரண மக்கள் கைக்கு வந்ததே 1940-களின் நடுவில். அதற்கு முன் பள்ளிக்கு வந்த பிள்ளைகளுக்கு யார் இருந்தார்கள்? நாள்பட்ட சீழுக்கு இன்றும் சுத்தம் செய்து உலர்த்துவது முக்கியமான வேலை.

கே: பென்சிலின் பற்றிக் கேட்ட நானேதான் மீண்டும். குணமான பிள்ளைகள் அதே நோயோடு திரும்பி வந்தார்களே?

ப: வந்தார்கள், அது உண்மை. இருட்டும் நெரிசலுமான வீடுகளுக்குத்தானே திரும்பிப் போனார்கள்? அதைப் பார்த்துத்தான் மார்கரெட்டும் அக்கா ரேச்சலும் 1911-ல் பிள்ளைகள் திறந்தவெளியில் தூங்க இரவு முகாம் அமைத்தார்கள். 1914-ல் திறந்தவெளி நர்சரிப் பள்ளி. கிளினிக் நடத்தியிராவிட்டால் இது அவர்கள் கண்ணில் பட்டிருக்குமா?

கே: பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய்?

ப: மேலே சொல்லிவிட்டேன். எந்த எண்ணெயும் வேண்டாம். நாளைக்கே டாக்டரிடம் போங்கள்.