மொரீஷியஸில் ஒரே நாளில் போய்வந்து பழைய சிற்றூர்களைப் படம் எடுக்க எங்கே போகலாம்? போன் போதுமா?

போதும். தலைநகர் போர்ட் லூயிஸிலிருந்து பஸ்ஸில் போவீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்: தென்கிழக்குக் கரையில் இருக்கும் மாயேபூரும் அதற்கு வடக்கே இருக்கும் வியே கிரான் போரும் ஒரு நாளுக்குச் சரியாக இருக்கும். தாவரவியல் தோட்டம் இருக்கும் பாம்பிள்மூஸை விட்டுவிட்டாயே என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். கேட்டவருக்கு வேண்டியது தேய்ந்துகொண்டிருக்கும் ஊர், தோட்டம் இல்லை.

காலையில் முதலில் வியே கிரான் போர். அந்தக் கரை கிழக்கு பார்த்தது. பின்னால் 480 மீட்டர் உயர லயன் மலை. பிற்பகலில் மலை நிழல் சீக்கிரமே இறங்கிவிடும். 1638இல் டச்சுக்காரர்கள் குடியேறிய ஃப்ரெடரிக் ஹென்ட்ரிக் கோட்டையின் மிச்சம் அங்கேதான். கருங்கல் சுவர் திரையை நிறைத்தால், போன் அதைச் சாம்பலாக வெளுக்கவைத்து வானத்தையும் கெடுத்துவிடும். கல்லின் மேல் விரலை வைத்து, வெளிச்ச அளவை ஒரு படி குறைத்து எடுங்கள்.

மாயேபூருக்கு மதியம் 2 மணிக்கு மேல் போங்கள். வெயில் திசை பற்றித் தமிழ்நாட்டு யூடியூப் படப்பிடிப்புப் பாடங்கள் சொல்வது இங்கே தலைகீழ்: பெரும்பாலான மாதங்களில் நமக்கு உச்சிவெயில் வடக்கே நிற்கும். மாயேபூர் கரையிலிருந்து லயன் மலையும் வடக்கேதான், அதனால் நண்பகலில் வெறும் புகைமூட்டம்தான் கிடைக்கும். ஜூன், ஜூலையில் தெற்கு பார்த்த சுவர்களில் நாள் முழுக்க நிழல். நவம்பர் கடைசியிலும் ஜனவரி மூன்றாம் வாரத்திலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில். கூரை நிழல் முகப்பையே மூடிவிடும், அப்போது சாப்பிட உட்காருங்கள். திங்கட்கிழமை சந்தை. ஆட்கள் வேண்டுமென்றால் அன்று, வெறிச்சோடிய தெரு வேண்டுமென்றால் வேறு நாள்.

மரவீடுகள் அதிகம் மிச்சமில்லை. 1960 கரோல் புயலுக்குப் பிறகு நாடே கான்கிரீட்டுக்கு மாறியது. முழு வீட்டைத் தேடி அலையாதீர்கள். தகரச் சுவரில் ஆணியிலிருந்து ஒழுகிய துரு, கூரை விளிம்பில் பாதி உடைந்த லாம்ப்ரெக்கான் என்ற அலங்கார மரவேலை, பூட்டிக் என்ற சின்னக் கடையின் மரக்கதவுக் கீல் என்று முப்பது சென்டிமீட்டர் தூரத்துக்குள் போய் எடுங்கள். லென்ஸின் மேல் மாட்டும் போலரைசர் என்ற வடிகட்டி, பெயின்ட் அடித்த தகரத்தின் பளபளப்பைக் குறைக்கும், வெறும் தகரத்தில் ஒன்றும் செய்யாது. கடற்காற்றில் லென்ஸில் உப்பு படியும். உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழக்கூடும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றியெடுத்துப் பிறகு துடையுங்கள்.

வழியில் பழைய சர்க்கரை ஆலைப் புகைபோக்கி தெரிந்தால், போனை அண்ணாந்து பிடிக்காதீர்கள். சாய்ந்து விழுவது போல வரும். உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி நின்று (20 மீட்டருக்கு 30 மீட்டர்), போனைச் செங்குத்தாக நிமிர்த்தி எடுத்து, கீழ்ப்பாதித் தரையை வெட்டிவிடுங்கள். கரும்பு வெட்டு ஜூனில்தான் தொடங்கும். வெட்டாத கரும்புத் தோட்டத்துக்குள் புகைபோக்கியின் அடிப்பாகம் தெரியாது. ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், பிளேசான்ஸ் விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். படத்தில் நிறத்தை உறிஞ்சி, 'அந்தக் கால மொரீஷியஸ்' என்று மட்டும் எழுதிப் போடுகிறார்கள். கீழே ஒருவர் இது சூயாக் ஊர் என்பார், இன்னொருவர் ரோஸ் பெல் ஊர் என்பார். வீடு இடிந்துபோன பிறகு அந்தப் படத்தை வைத்து என்ன செய்வது? தெருப் பெயர்ப் பலகையை முதல் படமாக எடுங்கள். தேதியும் வாசல் பார்த்த திசையும் அன்றிரவே எழுதிவிடுங்கள்.