இழுப்பு வரும் சிறு குழந்தைக்குப் பின்னாளில் ஆஸ்துமா வருமா என்பதை மூச்சுப் பரிசோதனை சொல்லுமா?

மூன்று வயதுக் குழந்தைக்குச் சளி பிடிக்கும்போதெல்லாம் இழுப்பு வருகிறது, மூச்சுப் பரிசோதனையால் ஆஸ்துமாவை முன்னரே அறியலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது ஒரு துணைச் சான்றாக உதவலாம். அதை மட்டும் வைத்து முடிவு சொல்ல இயலாது.

ஒவ்வாமை சார்ந்த அழற்சியால் மூச்சுக்குழாயில் ஈசினோஃபில் என்னும் வெள்ளை அணுக்கள் மிகும்போது வெளிமூச்சில் நைட்ரிக் ஆக்சைடு வாயு பெரும்பாலும் கூடும் என்பதால் இந்தப் பரிசோதனையில் அதை அளக்கிறார்கள். பள்ளி வயதுக் குழந்தைகளில் நூறு கோடியில் 35 பங்குக்கு மேல் இருந்தால் அதிகம் என்று கொள்வதுண்டு. ஆனால் கருவிக்குள் சில நொடிகள் ஒரே சீராக ஊத வேண்டும். மூன்று வயதுக் குழந்தையோ குழலைக் கடிக்கும், பாதியில் மூச்சை உள்ளிழுத்துவிடும். இயல்பாக விடும் மூச்சை முகமூடி வழியே சேகரிக்கும் முறையும் உண்டு. அதன் முடிவுகளுக்கு அந்த 35 என்ற வரம்பு பொருந்தாது. சளித் தொற்றும் ஸ்டீராய்டு இன்ஹேலரும் அளவை மாற்றிவிடும்.

ஆகவே, பெற்றோருக்கு ஆஸ்துமா உண்டா, குழந்தைக்கு எக்சிமா என்னும் தோல் அரிப்பு நோய் உண்டா, சளி இல்லாத நாட்களிலும், ஓடி விளையாடும்போதும் இழுப்பு வருகிறதா என்பனவற்றையே முதலில் மருத்துவரிடம் விரிவாகச் சொல்லுங்கள்.