சிசிஎன்ஏ முடித்தவர் டேட்டா சென்டரில் சுவிட்ச் மாட்டும் வேலைக்குப் போகலாமா?

சிசிஎன்ஏ என்ற சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க்கிங் சான்றிதழை முடித்துவிட்டு மும்பைக்கு வந்த தங்களை, முதல் வேலையாக ரேக்கில், அதாவது கருவிகளை அடுக்கும் உலோகச் சட்டகத்தில், சர்வர் கணினிகளை நெட்வொர்க்கோடு இணைக்கும் சுவிட்ச் என்ற பெட்டியைப் பொருத்தச் சொல்கிறார்கள் என்றும், ஸ்குரூ முடுக்கும் இந்த வேலையில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். செம்பூரில் குடியிருந்துகொண்டு ஐரோலி, ரபாலே, மஹாபே பகுதிகளின் டேட்டா சென்டர்களில் பல ஆண்டுகளாக இதே வேலையைச் செய்து வருகிறவன் என்பதால், இந்தக் கேள்வியைக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. ஒப்பந்த நிறுவனம் வழியாகத் தங்களை எடுத்திருப்பார்கள், இரவில் அனுப்புவார்கள், சுவிட்சின் மென்பொருள் அமைப்புகளை, அதாவது கான்ஃபிகரேஷன் செய்பவர் வேறு ஊரில் உட்கார்ந்துகொண்டு தொலைபேசியில் பேசுவார் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். தாராளமாகப் போங்கள். அந்தப் பெட்டிக்குள் காற்று எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வெளியேறுகிறது என்பதைப் பொருத்துவதற்கு முன்பே கேட்கத் தெரிந்தவர்கள் இந்தத் துறையில் மிகக் குறைவு. அதைக் கற்றுத்தரும் இடம் ரேக்கின் முன்னும் பின்னும்தான்.

ஒரு வாடிக்கையாளரின் ரேக்குகள் நிற்கும் ஹாலில், வேறொரு குழு பொருத்திவிட்டுப் போன சுவிட்சுகள் ஓயாமல் வெப்ப எச்சரிக்கை எழுப்பிக்கொண்டிருந்தன. மென்பொருளில் கோளாறு என்று தயாரிப்பாளரிடம் புகார் பதிந்தார்கள்; ஏசி போதவில்லை என்று கட்டட நிர்வாகத்தோடு சண்டை பிடித்தார்கள். ஆனால் ரேக்கின் முன்பக்கக் குளிர்காற்று, குளிரூட்டல் துறைக்குத் தரங்களை வகுக்கும் ஆஷ்ரே அமைப்பு பரிந்துரைக்கும் 18 முதல் 27 டிகிரி வரம்புக்குள்தான் இருந்தது. சர்வர்களில் கேபிள் செருகும் நெட்வொர்க் போர்ட்டுகள் பின்பக்கம் இருப்பதால், கேபிள் நீளத்தைக் குறைக்க, சுவிட்சுகளையும் போர்ட் முகம் பின்னால் பார்க்கும்படி மாட்டியிருந்தார்கள். அது வழக்கம்தான், தவறில்லை. நான் பின்பக்கம் சென்று, ஒரு காகிதத் துண்டைக் கிழித்துப் போர்ட்டுகளின் அருகே பிடித்தேன். வெளியே பறக்க வேண்டிய காகிதம், போர்ட் முகத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது. சர்வர்கள் கக்கும் சூடான காற்றையே அந்தச் சுவிட்ச் மூச்சாக இழுத்துக்கொண்டிருந்தது.

மறுபக்கம் வந்து, கழற்றி மாற்றக்கூடிய ஃபேன் மாட்யூல்களைப் பார்த்தபோது அவற்றின் பிடிகள் கருஞ்சிவப்பு நிறத்தில் இருந்தன. சிஸ்கோவின் நெக்ஸஸ் சுவிட்ச் வரிசையில் கருஞ்சிவப்பு என்றால் காற்று போர்ட் பக்கத்திலிருந்து உள்ளே போகும். நீலம் என்றால் போர்ட் பக்கமாக வெளியே வரும். மற்ற நிறுவனங்கள் வேறு நிறங்களையோ அம்புக்குறிகளையோ வைத்திருப்பதால், ஒவ்வொரு மாடலுக்கும் அதன் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். இந்த வகைச் சுவிட்சில் திசையைக் கட்டளை கொடுத்து மாற்ற வழியில்லை. ஃபேன்களையும் பவர் சப்ளைகளையும் ஒரே திசை கொண்டவையாக மொத்தமாக மாற்றித்தான் ஆக வேண்டும், இரண்டு திசைகளையும் கலக்கக் கூடாது. புதிய மாட்யூல்கள் வந்து மாற்றிய பிறகும் ஒரு வேலை மிச்சமிருந்தது. சுவிட்சின் ஆழம் ரேக்கின் ஆழத்தைவிடக் குறைவு என்பதால், அதன் காற்று வாய் ரேக்கின் உள்ளே, சூடான காற்று தேங்கும் இடத்தில் இருந்தது. முன்பக்கத்திலிருந்து குளிர்காற்றைக் கொண்டுவரும் ஏர் டக்ட் ஒன்றைப் பொருத்தி, காலி இடங்களைப் பிளாங்கிங் பேனலால் மூடினோம். எச்சரிக்கைகள் நின்றன.

அதன்பின் வந்த மின்னஞ்சலில் கான்ஃபிகரேஷன் குழுவினருக்கு மட்டும் பெயர் சொல்லி நன்றி தெரிவித்திருந்தார்கள். எனக்குப் புகழ் வேண்டும் என்பதற்காக இதைக் குறிப்பிடவில்லை. ரேக்கின் அருகே நின்று கண்டுபிடித்தவரின் பெயர் அறிக்கையில் இல்லாமல் போனால், அடுத்த முறை ஃபேன் திசையை முடிவு செய்யும் கூட்டத்துக்கு அவரை யாரும் அழைப்பதில்லை, அதே பிழை மறுபடியும் கொள்முதல் பட்டியலில் ஏறுகிறது என்பதுதான் என் ஆதங்கம். வாங்கும் முன் ஒரு வரி கேட்டிருந்தால் இத்தனை செலவும் அலைச்சலும் இருந்திருக்காது.

முழு ரேக்குகளே இப்போது தொழிற்சாலையில் கட்டப்பட்டு வருகின்றனவே, இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். வருகின்றன, மறுக்கவில்லை. ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஹாலில் பழுதான ஒரு சுவிட்சை மாற்றுவதற்கு இன்றும் ஒரு மனிதர்தான் போகிறார்.

ஸ்குரூ முடுக்குவது என்று சொன்னீர்களே, அதிலும் கணக்கு இருக்கிறது. ரேக்கின் உயரத்தை யூனிட்டில் அளப்பார்கள்; ஒரு யூனிட் உயரம் 44.45 மில்லிமீட்டர், அதற்குள் மூன்று துளைகள். அவற்றின் இடைவெளிகள் 15.9, 15.9, 12.7 மில்லிமீட்டர் என்று மாறி மாறி வரும். அந்தக் குறுகிய 12.7 இடைவெளியின் நடுவில்தான் ஒரு யூனிட் முடிந்து அடுத்தது தொடங்குகிறது. இதைப் பார்க்காமல், ஸ்குரூவைப் பிடிக்கும் கேஜ் நட்டை ஒரு துளை தள்ளிப் போட்டால், சுவிட்ச் இரண்டு யூனிட்டுகளில் கால் வைத்து நிற்கும், மேலே இன்னொன்று நுழையாது. எடையுள்ள சுவிட்சாக இருந்தால் முன்பக்கம் ஸ்குரூ போடும் காதுகளை மட்டும் நம்பாமல் பின்புறத் தாங்கு ரெயிலையும் பொருத்துங்கள், தனியாகத் தூக்காதீர்கள். எர்த் ஒயரை மின்சாரத்துக்கு முன்பே இணைக்க வேண்டும், கழற்றும்போது கடைசியில் கழற்ற வேண்டும். பெயின்ட் மேல் ஒயர் முனையின் லக்கை வைத்து முடுக்கினால் அது எர்த்திங் ஆகாது, உலோகம் உலோகத்தைத் தொட வேண்டும்.

ஒளியால் தரவைக் கடத்தும் கண்ணாடி இழையான ஃபைபர் விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. சிங்கிள் மோடு ஃபைபரில் ஒளி செல்லும் உட்கரு ஏறத்தாழ 9 மைக்ரான்தான். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. அதன் முனையில் ஒரு தூசி உட்கார்ந்தால் இணைப்பு வந்துவிடும், ஆனால் பிழை எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்கும், அதற்குக் காரணம் தேடிக் கான்ஃபிகரேஷனைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். புதிதாகப் பிரித்த பேட்ச் கார்டையும், அதாவது இணைப்புக் கேபிளையும், முனையைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப்பில் பார்த்து, துடைத்து, மறுபடி பார்த்த பிறகே செருகுங்கள். அட்டைப் பெட்டிகளை ஹாலுக்குள் பிரிக்க விடாதீர்கள், அட்டைத் தூசிதான் போர்ட்டுக்குள் போகும். மும்பை மழைக்காலத்தில் லாரியிலிருந்து இறங்கிய பெட்டியை நேராகக் குளிர்ந்த ஹாலுக்குக் கொண்டுபோய் இயக்காமல், வெளி அறையில் வைத்துச் சூழலுக்குப் பழக விடுவதும் இதோடு சேர்ந்ததே. கேபிள்களை வெல்க்ரோவால் கட்டுங்கள், ஃபேன் மாட்யூலை உருவும் பாதையின் குறுக்கே ஒரு கேபிளும் போகக் கூடாது.

முதல் நாளிலேயே இரண்டு பழக்கங்களைத் தொடங்கிவிடுங்கள். ரேக்கில் ஏற்றும் முன் சீரியல் எண்ணைப் படம் எடுத்து வையுங்கள், ஏற்றிய பிறகு அந்த லேபிள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. வேலை முடிந்ததும், தரவுப் போக்குவரத்தான ட்ராஃபிக்கை ஏற்றுவதற்கு முன்பே, கான்ஃபிகரேஷன் செய்பவரைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு, ஏ, பி என்ற இரண்டு மின்வழிகளில் ஏ பக்கத்து மின்கம்பியை உருவி, சுவிட்ச் அணையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். அதைத் திரும்பச் செருகி, அந்தப் பவர் சப்ளை வேலை செய்வதை உறுதிப்படுத்திக்கொண்டு, பி பக்கத்தையும் உருவிப் பாருங்கள். இரண்டு கம்பிகளும் ரேக்குக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் பிடியூ ஒன்றிலேயே செருகப்பட்டிருந்து, பராமரிப்பு நாளில் முழு ரேக்கும் இருட்டானதைப் பார்த்திருக்கிறேன். சோதனைக்கு நேரமில்லை, கிளம்புங்கள் என்று மேலாளர் சொன்னால், அதை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள்.