1930களில் அமெரிக்க அரசு ஏழை விவசாயிகளைப் படமெடுக்க ஆள் அனுப்பியது ஏன்?

சுருக்கமாகச் சொன்னால், ஆதரவு திரட்டத்தான். நிவாரணத்துக்குப் பணம் ஒதுக்க வேண்டுமானால் நகரத்து மக்கள் கிராமத்து வறுமையைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்காக 1935-இல் ராய் ஸ்ட்ரைக்கர் பொறுப்பில் புகைப்படப் பிரிவு ஒன்று வேலையைத் தொடங்கியது.

அந்த வறுமையில் மண்ணுக்கும் பங்குண்டு. முதல் உலகப் போரில் கோதுமை விலை ஏறியதும் அமெரிக்காவின் நடுப்பகுதியில் இருக்கும் பெருஞ்சமவெளியின் புல்வெளிகளை உழுது தள்ளினார்கள். மண்ணைப் பிடித்து வைத்திருந்ததே அந்தப் புல்லின் வேர்தான். அப்புறம் மழை பொய்த்தது, மேல்மண் புழுதியாகப் பறந்தது. 1935 ஏப்ரல் 14 அன்று பட்டப்பகலே இருண்டுவிட்டது. நிலத்தை விட்ட பலர் கூலி வேலை தேடிக் கலிஃபோர்னியாவுக்குப் போனார்கள்.

1936 மார்ச்சில் அதே கலிஃபோர்னியாவில் நிபோமோ என்ற ஊரில், பட்டாணி பறிக்க வந்தவர்களின் முகாமில், பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த 32 வயதுத் தாயை அந்தப் பிரிவின் புகைப்படக்காரர் டோரதியா லாங் படமெடுத்தார். பயிர் குளிரில் கெட்டு, வேலையே இல்லை. படம் பத்திரிகையில் வந்து முகாமுக்கு உணவு போய்ச் சேருவதற்குள் அந்தக் குடும்பம் கிளம்பிவிட்டது. லாங் அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை! படம் உலகப் புகழ் பெற்றது; அந்த அம்மாவுக்கு ஒரு காசு வரவில்லை. எனக்கு உறுத்துவது இதுதான்.

சரி, மண் என்ன ஆனது? 1935-இலேயே மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சரிவுக்குக் குறுக்கே உழச் சொன்னார்கள். காற்றைத் தடுக்க கோடிக்கணக்கில் மரம் நட்டார்கள். புழுதி அடங்கியது. பின்னாளில் அதே சமவெளியில் ஒகல்லாலா என்ற பெரிய நிலத்தடி நீர்த்தேக்கத்தின் நீரை, ஊறுவதைவிட வேகமாக உறிஞ்சத் தொடங்கினார்கள்.