ஷவர், கீசர் மாற்றுவதற்கு முன் நீரழுத்தம் பார்ப்பது எப்படி? – கேள்வி பதில்

கேள்வி (பொள்ளாச்சி): ஐயா, மாடிக் குளியலறையில் எட்டு அங்குல மழை ஷவர் மாட்ட விரும்புகிறோம். மொட்டை மாடியிலுள்ள 1,000 லிட்டர் டேங்கை 2,000 லிட்டராக மாற்றினால் அழுத்தம் கூடுமா?

பதில்: கூடாது. டேங்க் எவ்வளவு பெரியது என்பதல்ல, தண்ணீர் மட்டம் ஷவரின் வாயைவிட எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதே கணக்கு. 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் (bar, அழுத்தத்தின் அலகு), அதாவது 10 அடிக்கு 0.3 பார் கிடைக்கும். உங்கள் அறையின் கூரை 10 அடியிலும், ஷவர் 7 அடியிலும், டேங்க் 3 அடி மேடையிலும் இருப்பதாக வைத்துக்கொண்டால், டேங்கின் அடிக்கும் ஷவருக்கும் இடையே 6 அடிதான் இருக்கிறது, அது 0.18 பார். அகலமான மழை ஷவர்கள் பலவற்றுக்கு 1 பார் வரை வேண்டியிருக்கும் என்பதால், உங்கள் வீட்டில் அது பொழியாது, வடியும். அதே ஷவரைக் கீழ்த்தளத்தில் மாட்டினால் கிட்டத்தட்ட அரை பார் கிடைக்கும். டேங்கை இன்னும் 5 அடி உயர்த்தினாலும் 0.15 பார்தான் கூடும். 1,000 லிட்டர் தண்ணீர் ஒரு டன் எடை என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஈரோடு): கீழ்த்தளக் குழாயில் கேஜ் (அழுத்தமானி) மாட்டிப் பார்த்தோம், 0.6 பார் காட்டுகிறது. ஆனாலும் தண்ணீர் நூல் போலத்தான் வருகிறது. கேஜ் பழுதா?

பதில்: கேஜ் சரியாகத்தான் சொல்கிறது; பார்த்த நேரம்தான் தவறு. எல்லாக் குழாய்களும் மூடியிருக்கும்போது, பைப்புக்குள் பாதி அடைத்திருந்தாலும் முள் அதே இடத்தில்தான் நிற்கும். அதே லைனில் பக்கத்துக் குழாயைத் திறந்துவிட்டு முள்ளைப் பாருங்கள். 0.6 என்பது 0.2-க்கு இறங்கினால் உயரத்தில் குறையில்லை, பைப்பில்தான் குறை. பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பில் வருடக்கணக்கில் போர்வெல்லின் உப்புத் தண்ணீர் ஓடியிருந்தால், அரை அங்குலத் துவாரம் பென்சில் அளவுக்குச் சுருங்கியிருப்பதை நானே அறுத்துப் பார்த்திருக்கிறேன். சிறுவாணித் தண்ணீர் மட்டும் ஓடிய வீடுகளில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. பைப்பை உடைப்பதற்கு முன் டேங்க் அடியிலுள்ள கேட் வால்வு முழுதும் திறந்திருக்கிறதா, குழாய் முனையின் சல்லடையில் மணல் அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பாதி வீடுகளில் வேலை அதோடு முடிந்துவிடும். பிறகு 10 லிட்டர் வாளியை வைத்து, நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று குறித்துக்கொண்டால், சரிசெய்த பின் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கேஜ் வாங்கும்போது 0 முதல் 10 கிலோ (சதுர செ.மீ.க்கு; ஒரு கிலோ ஏறக்குறைய ஒரு பார்) வரை காட்டுவதை வாங்காதீர்கள். அதில் நம் வீட்டு அழுத்தத்துக்கு முள் அசைவதே தெரியாது.

கேள்வி (திருப்பூர்): முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷின் வாங்கியிருக்கிறோம். மாநகராட்சி இணைப்பிலேயே நேரடியாக பூஸ்டர் பம்ப் (அழுத்தம் கூட்டும் பம்ப்) வைக்கலாமா?

பதில்: கூடாது. அது விதிமீறல் மட்டுமல்ல, பக்கத்து வீட்டுத் தண்ணீரை இழுப்பதோடு, தெருப் பைப்பில் கசிவு இருந்தால் வெளியிலுள்ள சாக்கடை நீரையும் சேர்த்து இழுக்கும். மெஷினின் கையேட்டில் குறைந்தபட்ச அழுத்தம் எவ்வளவு என்று போட்டிருக்கும். அது கிடைக்கவில்லையென்றால், பம்பை மேல்நிலை டேங்கிலிருந்து இறங்கும் பைப்பில் வையுங்கள்.

கேள்வி (கோபிசெட்டிபாளையம்): மேல்நிலை டேங்கிலிருந்து இறங்கும் பைப்பில்தான் பூஸ்டர் பம்ப் வைத்தோம். இப்போது டேங்க் அருகிலுள்ள ஏர் பைப்பிலிருந்து (காற்று வெளியேற மேல்நோக்கி விடும் திறந்த பைப்) தண்ணீர் கொட்டுகிறது. கீசர் வால்விலும் சொட்டுகிறது.

பதில்: 1.5 பார் தரும் பம்ப் தண்ணீரை 15 மீட்டர் உயரத்துக்குத் தள்ளும்; மூன்றடி ஏர் பைப் எதற்குத் தாங்கும்? பம்புக்கு முன்னால், டேங்க் பக்கமுள்ள ஏர் பைப்பை அப்படியே விட்டு, பம்புக்குப் பின்னால் இருப்பதை மட்டும் மூடச் சொல்லுங்கள். கீசரிலிருந்து மேலே போகும் ஏர் பைப்பை மட்டும், அந்தக் கீசர் அழுத்தம் தாங்கும் வகைதானா என்று பார்த்த பிறகே தொட வேண்டும். சொட்டுவதற்குக் காரணம் வேறு: சூடாகும்போது விரியும் தண்ணீர் முன்பு டேங்குக்கே திரும்பிப் போனது, இப்போது பம்பிலுள்ள, தண்ணீரைத் திரும்ப விடாத வால்வு (நான்-ரிட்டர்ன் வால்வு) வழியை மறிப்பதால், சேஃப்டி வால்வு வழியே வெளியேறுகிறது. அந்த வால்வை எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள். ஒரு சிறு டியூபை மாட்டி வடிகாலில் விட்டுவிடுங்கள்.