எக்செலில் காலி நிரைகள்: கேள்வி பதில்

தோட்ட அலுவலகம், பாடசாலை, கடை என்று மலையகத்தின் பல பக்கங்களிலிருந்தும் கேள்விகள் வந்தன. எல்லாமே காலி நிரைகளால் வந்த சிக்கல்கள்.

தலவாக்கலை, தோட்ட அலுவலகம்: அண்ணா, செக்ரோல் (தொழிலாளர் சம்பளப் பதிவேடு) பைலில் 320 பேர்தான் இருக்கிறார்கள். கன்ட்ரோலோடு எண்ட் அழுத்தினால் 48,000ஆவது நிரைக்குப் போய்விடுகிறது. பக்கத்து ஸ்க்ரோல் பட்டையைத் தொட்டாலே பெயர்கள் எங்கோ ஓடிவிடுகின்றன. கீழே எல்லாவற்றையும் தெரிவுசெய்து டிலீட் அழுத்தியும் பயனில்லை.

டிலீட் விசை கலத்துக்குள் இருப்பதை மட்டும்தான் அழிக்கும் தங்கச்சி. நிறமும் கோடும் அப்படியே கிடக்கும். எழுத்தே இல்லாவிட்டாலும் நிறம் பூசிய கலத்தை எக்செல் பயன்பாட்டில் உள்ளதாகவே எண்ணும். யாரோ ஒரு நாள் கட்டக் கோட்டைக் கீழே வரை இழுத்துவிட்டிருப்பார்கள்.

முதலில் பைலுக்கு ஒரு பிரதி எடுத்து வையுங்கள். இதை மட்டும் தட்டிக்கழிக்க வேண்டாம். பிறகு கடைசிப் பெயருக்கு அடுத்த நிரையின் எண்ணைக் கிளிக் செய்து, கன்ட்ரோல், ஷிப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு கீழ் அம்பை அழுத்துங்கள். தெரிவு 10,48,576ஆவது நிரை வரை போக வேண்டும். எக்செல் தாளின் அடி அதுதான். நடுவில் நின்றால் அங்கே ஏதோ இருக்கிறது, என்னவென்று பார்த்துவிட்டுத்தான் தொடர வேண்டும். அடிவரை போனதும் நிரை எண்ணின் மேல் வலது கிளிக் செய்து, மெனுவில் வரும் டிலீட்டைக் கொடுத்து, பைலை சேவ் பண்ணுங்கள். சேவ் பண்ணாமல் சோதித்தால் சில பதிப்புகளில் பழைய இடத்துக்கேதான் போகும்.

முழு நிரையும் போகிறது என்பதை மறக்க வேண்டாம். வலது ஓரத்தில் அட்வான்ஸ் கழிவுக்கென்று இன்னொரு அட்டவணை நீளமாக இருந்தால் அதன் நிரைகளும் சேர்ந்து போய்விடும். செக்ரோலில் ஒரு நிரை என்பது ஒருவருடைய மாதச் சம்பளம், ஆகவே அவசரம் வேண்டாம்.

பண்டாரவளை, ஆசிரியை: வகுப்புக்கு வகுப்பு ஒரு காலி நிரை விட்டிருக்கிறேன். பில்டர் போட்டால் முதல் வகுப்பு மட்டும்தான் வருகிறது.

காலி நிரையைக் கண்டதும் அட்டவணை அங்கே முடிந்துவிட்டதாக எக்செல் எடுத்துக்கொள்கிறது மிஸ். கன்ட்ரோலோடு கீழ் அம்பு அழுத்தினாலும் இதே காரணத்தால் அங்கேயே நிற்கும்.

எஃப்5 அழுத்தி, ஸ்பெஷலில் பிளாங்ஸ் (காலிக் கலங்கள்) தெரிவுசெய்து நிரைகளை நீக்கப் பலர் சொல்லித் தருவார்கள். பெயர்ப் பட்டியலில் அதைச் செய்யவே வேண்டாம். ஒரு பிள்ளைக்குப் போன் எண் மட்டும் இல்லாவிட்டாலும் அந்தப் பிள்ளையின் நிரை முழுவதும் போய்விடும். அதைவிட, உங்கள் விபரம் ஏ முதல் எச் வரை என்றால், ஐ நிரலில் ஒவ்வொரு நிரைக்கும் கவுண்ட்-ஏ (COUNTA) சூத்திரத்தைப் போட்டு அந்த எட்டுக் கலங்களையும் எண்ண வையுங்கள். தலைப்பு முதல் கடைசிப் பிள்ளை வரை கையால் தெரிவுசெய்து பில்டர் போட்டு, 0 வருகிற நிரைகளை மட்டும் நீக்குங்கள். வகுப்பைப் பிரித்துக்காட்ட 'வகுப்பு' என்று ஒரு நிரல் போதும்.

மஸ்கெலியா, கடை: பார்த்தால் வெறும் நிரை, ஆனால் கவுண்ட்-ஏ எண்ணிக்கை 1 என்று காட்டுகிறதே?

ஸ்பேஸ் தட்டியிருப்பார்கள், அல்லது ஒன்றும் காட்டாத சூத்திரம் ஒன்று உள்ளே இருக்கும். கலத்தைக் கிளிக் செய்து மேலே சூத்திரப் பட்டையைப் பாருங்கள். ஸ்பேஸ் என்றால் டிலீட் விசையே போதும்.

ஹட்டன்: பிரிண்ட் கொடுத்தால் வெறும் தாளாக வருகிறது.

தலவாக்கலைக் கேள்விக்குச் சொன்னதுதான் தம்பி. இப்போதே பிரிண்ட் வேண்டுமென்றால், பெயர்களை மட்டும் தெரிவுசெய்து பிரிண்ட் ஏரியாவாக வையுங்கள்.

பதுளை: நான் கூகுள் ஷீட்ஸில் செய்கிறேன். அதிலும் கீழே நிறையக் காலி நிரைகள் இருக்கின்றன.

புதுத் தாளே 1,000 நிரைகளோடுதான் திறக்கும், அது பிழையில்லை. இடைஞ்சல் என்றால் நீக்கிவிடலாம், தேவைப்படும்போது அடியில் சேர்த்துக்கொள்ளலாம்.

மீண்டும் தலவாக்கலை: சரியாகிவிட்டது அண்ணா! அடுத்த மாதமும் இப்படி வராமலிருக்க என்ன செய்வது?

போன மாதத்துப் பைலைப் பிரதியெடுத்துத்தானே புதியதைத் தொடங்குகிறீர்கள்? இப்போது சுத்தம் செய்ததிலிருந்தே எடுங்கள். அப்புறம், பெயர்களுக்குள் ஒரு கலத்தில் நின்று கன்ட்ரோலோடு டி அழுத்தி அதை டேபிளாக மாற்றிவிடுங்கள். கடைசிப் பெயருக்குக் கீழே புதுப் பெயர் எழுதியதும் கோடும் நிறமும் அந்த நிரைக்குத் தானாக வரும். முழு நிரலுக்கும் கையால் நிறம் பூச வேண்டி வராது.