கலர் போயிடுச்சு, சிஓடி ஏன் இறங்கல?

சாயக் கழிவுநீர்ல டைட்டானியம் டை ஆக்சைடு பவுடர் போட்டு யூவி லைட் அடிச்சாங்களாம், கலர் சுத்தமா போயிடுச்சாம், ஆனா சிஓடி (தண்ணில இருக்கற அழுக்கை ரசாயனத்தால ஆக்சிஜனேற்ற எவ்வளவு ஆக்சிஜன் வேணும்ங்கற அளவு) அசையல, ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்தா இன்னும் ஏறுதாம். கேட்டலிஸ்ட், அதாவது வினையைத் தூண்டற அந்த பவுடர், போலியான்னு ஒருத்தர் கேட்டிருக்கார்.

கேட்டலிஸ்ட் மேல உடனே பழி போடாதீங்க. கலர் போறது வேற, அழுக்கு போறது வேற. அசோ சாயத்துல ரெண்டு நைட்ரஜன் சேர்ற இடம் உடைஞ்சாலே தண்ணி தெளிஞ்சிடும், ஆனா பென்சீன் வளையமெல்லாம் துண்டு துண்டா உள்ளயேதான் கிடக்கும், அதுல வர்ற சில அமீன்கள் சாயத்தைவிட விஷம், அதனால பாதியில நிறுத்தி வெளிய விட்டுடாதீங்க ப்ளீஸ்.

அனடேஸ்ங்கற படிக வகை டைட்டானியம் டை ஆக்சைடு மேல சுமார் 387 நானோமீட்டருக்குக் கீழ உள்ள லைட் பட்டா எலக்ட்ரான் ஒண்ணு கிளம்பும், அது விட்டுட்டுப் போற காலி இடம்தான் தண்ணியிலிருந்து ஹைட்ராக்சில் ரேடிக்கலை உண்டாக்குது, எதையும் கடிச்சுக் குதர்ற ஆளு அவர்தான். கிளம்பின எலக்ட்ரானை ஆக்சிஜன் வாங்கிக்கலன்னா அது திரும்ப அதே இடத்துல வந்து விழுந்து வெறும் சூடா வீணாகும், அதனால ஏர் பம்ப் ஓடுதான்னு முதல்ல பாருங்க.

பெராக்சைடு விஷயம் பெரும்பாலும் டெஸ்ட்டோட கோளாறு. மிச்சமிருக்கற பெராக்சைடு சிஓடி டெஸ்ட்ல அழுக்கை அளக்கப் போடற டைக்ரோமேட்டைத் தின்னுடும், அதான் ரீடிங் ஏறுது. சாம்பிள்ல மாங்கனீஸ் டை ஆக்சைடு போட்டுக் கலக்கி, குமிழி வர்றது நின்னதும் நல்லா வடிகட்டி டெஸ்ட் பண்ணுங்க, முடிஞ்சா டிஓசியும் (மொத்த கரிம கார்பன் அளவு) எடுங்க, கார்பன் நிஜமா போச்சான்னு அதுதான் சொல்லும். டோஸ் கூடினா பெராக்சைடே ரேடிக்கலையும் தின்னுடும்.

சாயத் தண்ணில சோடா கார்பனேட்டும் உப்பும் நிறைய இருக்கும், அதுங்களும் ரேடிக்கலுக்குப் பங்கு கேக்கும். பவுடரையும் அள்ளிக் கொட்டாதீங்க, லிட்டருக்கு அரை கிராம், ஒரு கிராம்னு சின்னதா ட்ரையல் போடுங்க, அதுக்கு மேல போனா பவுடரே லைட்டை மறைச்சிடும். அடர் கலரும் அதே வேலையத்தான் செய்யும், அதனால கழிவுநீர் வந்ததும் நேரா யூவிக்கு அனுப்பறது கரண்ட் பில்லுக்குத்தான் கேடு. படிய வெச்சு, பாக்டீரியா தின்னக்கூடியதை அதுகிட்டயே விட்டுட்டு, மிச்சத்துக்கு மட்டும் லைட் அடிங்க. பாக்டீரியா தொடவே மாட்டேங்குதுன்னா யூவியை முன்னாடி வைங்க, ஆனா பாதி உடைஞ்சதும் பயோ டேங்குக்குத் தள்ளிடுங்க. அனுப்பறதுக்கு முன்னாடி பிஓடிக்கும் (பாக்டீரியா தின்னக்கூடிய அழுக்குக்குத் தேவையான ஆக்சிஜன் அளவு) சிஓடிக்கும் உள்ள விகிதம் ஏறியிருக்கான்னு பாருங்க, பெராக்சைடு மிச்சம் இருந்தா அதையும் முதல்ல காலி பண்ணிடுங்க, இல்லன்னா அங்க இருக்கற பாக்டீரியா செத்துடும்.